சேதிப் படி

மணியக்காரர் சம்பந்தம் பொழுது சாய்கிற நேரத்தில் செத்துப்போனார். வயதான மனிதர், மாசக்கணக்காகப் படுக்கை, போகவேண்டியவர்தான். ஆனால் இந்த வாரம் பார்த்தா சாக வேண்டும் என்று சேரியில் பட்டம்மாள் வாய்விட்டே கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? அவள் புருஷன் காசி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்கு அப்போதுதான் நிலையாக ஒட்டியிருந்தான். வெள்ளைக்காரன் சண்டை முடிந்து தோலுக்கு விலை விழுந்து, ஷாப்புகளில் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மேஸ்திரி சர்தார் பாஷா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டிருந்தான். இன்னொரு தரம் ஊர் வேலை, சாவு வேலை என்று நின்றுவிட்டால் குழி வேறு ஆளுக்குப் போய்விடும். சுண்ணாம்பில் ஊறுகிற தோலை உரிய நாளில் இழுத்துப் போடாவிட்டால் கூழாகிவிடும், அப்புறம் முதலாளி என் தோலைத்தான் உரிப்பார் என்றான்.

ஊர் வேலை என்று அவன் சொன்னது இதைத்தான். பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் பெரிய தெருவில் யார் செத்தாலும் வெளியூர் உறவுகளுக்கு நடந்துபோய்ச் சேதி சொல்வது காசியின் வீட்டுக்கு விதித்த வேலை. அப்பன் செய்தான், அப்பன் போன பிறகு இவன். சம்பளம் கிடையாது. சேதி கேட்ட வீட்டில் என்ன போடுகிறார்களோ அதுதான் வரும்படி. அதற்குச் சேதிப் படி என்று பேர்.

அந்தப் படியை வாங்குவதற்கு இருந்த மரியாதைகளைக் கேளுங்கள். வாசலுக்கு வரக்கூடாது, பின்சந்தில் குப்பைமேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். சேதியைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர்கள் அழுது ஓய்கிறவரை காத்திருக்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. யாருக்காவது ஞாபகம் வந்தால் படியைக் கொண்டுவருவார்கள். துண்டை ஏந்திக் குனிய வேண்டும், மேலேயிருந்து கொட்டுவார்கள். என்ன விழுந்தது என்று அவர்கள் எதிரில் பார்க்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லவே கூடாது. ஏனென்றால் சேதி கொண்டுவந்தவன் வெறுந்துணியோடு போனால் சாவு அந்த வீட்டிலேயே தங்கிவிடுமாம். அதனால் கட்டாயம் ஏதாவது போட்டாக வேண்டும். ஏதாவது என்றால் போதும் அல்லவா, வீட்டில் எது மக்கிக் கிடக்கிறதோ அதைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். இதைக் கொடை என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

கடைசிப் படி செத்த வீட்டில். பிணத்தை எடுத்து முடித்துத் தலைமுழுகி வந்த பிறகு அதைப் போடுவார்கள். அதை வாங்கிக்கொண்டவன் அடுத்த சாவுக்கும் ஊர் ஆள் என்று அர்த்தம். வாங்குகிறவரை குடிசை மனை அவனுக்கு.

விடிவதற்கு முன்னாலேயே தலையாரி வந்து கூப்பிட்டுவிட்டான். காசி துண்டை எடுத்தபோது பட்டம்மாள் கதவுத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போவலன்னா இன்னா பண்ணிடுவாங்க?"

"குடிசை ஊரு மனையில கீது பட்டு. நாளைக்கே பிரிச்சிப் போட்டுடுவாங்க."

"பிரிக்கட்டுமே. ஷாப்புக்குப் பின்னால கொட்டாய் போட்டுக்கலாம். தோலு நாத்தத்துல படுத்தாலும் படுக்கலாம். இவங்க நாத்தம் தாங்கல எனக்கு."

காசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். மேஸ்திரியிடம் போய்க் கையைக் காலைப் பிடித்து ஒரு நாள் தவணை கேள் என்று மட்டும் சொன்னான். அவளும் திட்டிக்கொண்டேதான் ஆம்பூருக்குக் கிளம்பினாள். காசி வாணியம்பாடி ரோட்டைப் பிடித்தான்.

சித்திரை வெயில். பாலாற்று மணல் காலையிலேயே கொதிக்கத் தொடங்கிவிட்டது. ரோட்டோரம் ஆவாரம் பட்டை ஏற்றிய வண்டிகள் ஷாப்புகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுண்ணாம்பு அரித்து அரித்துக் காசியின் விரலிடுக்கெல்லாம் புண். வேட்டியும் அதே சுண்ணாம்பில் வெந்து சல்லடையாக இருந்தது. அவனிடம் இருந்தது அந்த ஒரு வேட்டிதான்.

வாணியம்பாடிக்குப் பக்கத்தில் மணியக்காரரின் மச்சான் வீடு. சேதியைச் சொன்னான். அழுதார்கள். பிறகு வண்டி கட்டுவதா, ரயிலில் போவதா என்று உள்ளே வாக்குவாதம் நடந்தது. காசி குப்பைமேட்டில் நின்றான். உச்சிவெயில் வந்த பிறகு ஒரு கிழவி சட்டியோடு வந்தாள். ஏந்திய துண்டில் களி விழுந்தது. எந்தக் காலத்துக் களியோ, பச்சைப் பூசணம் பூத்து நூல் விட்டிருந்தது. மேலே ஒரு சொம்பு புளித்த கூழையும் ஊற்றினாள். துணியில் கூழை ஊற்றினால் நிற்குமா? அத்தனையும் ஒழுகி வேட்டியில் இறங்கியது. இங்கேயே தின்றுவிட்டுப் போ, கொண்டுபோய் நாய்க்குப் போடாதே, பாவம் என்று அவள் உபதேசம் செய்துவிட்டு, அவன் தின்கிறானா என்று நின்று பார்த்தாள். காசி தின்றான். தெருக்கோடி தாண்டி ஒரு வேலமரத்தடியில் வாந்தியெடுத்தான். வாந்தியெடுத்தது யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டானாம். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆலங்காயம் பக்கத்தில் பரந்தாமன் வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்துவிட்டது. பரந்தாமன் மணியக்காரரின் சொந்தத் தம்பி. ஒரு கிணற்றுக்கும் புளியந்தோப்புக்கும் அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீட்டுத் தண்ணீரை ஒருத்தர் குடிப்பதில்லை. காசி சந்தில் நின்று சேதி சொன்னான். உள்ளே அழுகை கேட்கவில்லை. பிறகு பரந்தாமனே பின்சந்துக்கு வந்தார். அப்படி எந்த வீட்டு எஜமானும் வந்து காசி பார்த்ததில்லை.

"நெஜமாவே பூட்டானா?"

"பூட்டாருங்க ஆண்டே. நேத்து பொழுது சாய."

பரந்தாமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். நாத்தம் அடிக்கிறதே, இன்னாடா இது வேட்டியா சாக்கா என்று கேட்டார். உள்ளே போய் ஒரு வேட்டியோடு வந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி, குடியாத்தத்து நெசவு, ஓரத்தில் சிவப்புக் கரை. அதன் மேல் ஒரு உருண்டை வெல்லம்.

காசி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். துணியும் வெல்லமும் நல்ல சேதிக்குக் கொடுப்பது. பிள்ளை பிறந்தது, பெண் பெரியவளானது, அப்படிச் சொல்லப் போகிறவனுக்குக் கிடைப்பது. சாவுச் சேதிக்குத் தானியம்தான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும், காசிக்குத் தெரியாதா?

"தானியம் இருந்தா போடுங்க ஆண்டே. போதும்."

"வாணாம்ன்றியா?"

"ஐயோ, அப்டி இல்லீங்க."

"அப்ப கட்டிக்க. இங்கயே கட்டு, பாக்கறேன். அந்தக் கந்தலை எருக்குழியில போட்டுட்டுப் போ. ஊருக்குள்ள இதோட போவணும், தெரிதா?"

வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆகவே கட்டிக்கொண்டான். அண்ணன் செத்த சந்தோஷத்தை அண்ணன் வீட்டு வாசலுக்கே அனுப்பிவைக்க அந்த மனிதருக்குக் கிடைத்த வழி ஒரு ஏழையின் இடுப்பு. தூ! ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கட்டின பிறகு காசிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து யாராவது உடுத்துக் கழித்ததைத்தான் உடுத்தியிருந்தான். புதுத் துணியின் கஞ்சி மொரமொரப்பு அவன் தொடையில் பட்டதே அன்றைக்குத்தான் முதல் தடவை. ரோட்டில் தனியாக நடந்தபோது இரண்டு தடவை குனிந்து கரையைத் தடவிப் பார்த்தான்.

மறுநாள் காலையில் நாட்றம்பள்ளியில் மணியக்காரரின் மகள் தேவகியைக் கொடுத்த வீட்டுக்குப் போனான். தேவகி தரையில் விழுந்து புரண்டாள். அவள் மாமியார் மட்டும் காசியின் இடுப்பையே பார்த்தாள். எங்கேயிருந்து வந்தது இது என்று கேட்டாள். ஆலங்காயத்து ஆண்டே குடுத்தாருங்க என்றான். அந்தம்மாள் உள்ளே போய், அவன் துண்டில் ஒரு கை உமியைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அங்கிருந்துதான் அவனுக்குப் பயம் பிடித்தது. அவிழ்த்து ஒளித்துவிடலாம் என்றால் மாற்றுத் துணி இல்லை. கந்தலாக இருந்தாலும் இருந்த ஒன்றை எருக்குழியில் போட்டாயிற்று. வழியில் கிடைத்த மண்ணை வாரி வேட்டியில் தேய்த்துப் பார்த்தான். அழுக்கானதே தவிரப் பழசாகவில்லை.

அவன் ஊருக்குள் வந்தபோது பந்தலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பரந்தாமன் வில்வண்டியில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டிருந்தார். வந்தவர் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாராம். மணியக்காரர் மகன் கோவிந்தசாமி சித்தப்பாவைத் தூக்கி நிறுத்தி, கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் போதும், தோப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டானாம். வைகறையில் அழுகையும் காலையில் ராஜியும் ஆயிற்று. பிணம் அந்த வெயிலில் உப்பிப் போய், ஊதுவத்திக்கும் சாம்பிராணிக்கும் அடங்காமல் நாறிக்கொண்டிருந்தது.

சேரி ஆட்கள் மேளத்தோடு பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள். பட்டம்மாளும் அங்கேதான் நின்றாள். காசியைப் பார்த்ததும் ஓடிவந்து, மேஸ்திரி மனசு இறங்கிவிட்டான், நாளைக் காலையில் ஷாப்புச் சங்கு ஊதும்போது குழியில் நிற்க வேண்டும், நின்றால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் வேட்டியைப் பார்த்தாள். அதற்குள் பந்தலிலும் பார்த்துவிட்டார்கள்.

மேளம் நின்றது. கோவிந்தசாமி எழுந்து வந்தான். எங்கப்பன் செத்ததுக்கு உனக்குப் புது வேட்டி கொடுத்தவன் எவன்டா என்று கேட்டான். காசி பரந்தாமனைப் பார்த்தான். எல்லாரும் அவன் பார்த்த பக்கம் திரும்பினார்கள்.

பரந்தாமனுக்கு ஒரு நொடிதான் முகம் வெளுத்தது. தோப்பு கைக்கு வந்த வேளை அல்லவா.

"நான்தாம்பா குடுத்தேன்," என்றார். "அண்ணனுக்குக் கோடி குடுத்தனுப்பினேன். நான் வர லேட்டாயிட்டா பொணத்து மேல போடுங்கன்னு. பாவி, இடுப்புல சுத்திக்கினு வந்துக்கிறான்."

கோடி என்றால் பிணத்தின் மேல் போர்த்துகிற புதுத்துணி. அதை உடன்பிறந்தவனும் சம்பந்தியும் தன் கையால் கொண்டுவந்து, தன் கையால் போர்த்த வேண்டும். பெரிய தெருவில் எந்தக் காலத்திலும் கோடி சேரியாள் கையில் வந்தது கிடையாது. வரவும் விடமாட்டார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். கோவிந்தசாமிக்குத் தெரியும். சாஸ்திரம் சொல்ல வந்த புரோகிதருக்குத் தெரியும். அத்தனை பேரும் "ஐயையோ" என்றார்கள். பிணத்துத் துணியைக் கட்டிக்கொண்டானே படுபாவி என்று ஒரு பெண்பிள்ளை மாரில் அடித்துக்கொண்டாள். பொய் என்று தெரிந்தே ஒரு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து அதிர்ச்சியடைவதைப் போல அருவருப்பான காட்சி வேறு கிடையாது. பிணமே மேல்.

பட்டம்மாள்தான் கேட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"கோடியை என்னிக்கி எங்க கையில குடுத்தீங்க ஆண்டே?"

புரோகிதர் குனிந்து தர்ப்பையை எண்ணினார். கோவிந்தசாமி சித்தப்பாவைப் பார்த்தான், சித்தப்பா அவனைப் பார்த்தார். ராஜி நிலைத்துவிட்டது.

அவிழ்க்கச் சொன்னார்கள். அத்தனை ஆண் பெண் முன்னால், தன் ஜாதி சனம் முன்னால், காசி வேட்டியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுக் கோவணத்தோடு நின்றான். தலையாரி புளிய விளாறால் அடித்தான். எத்தனை அடி என்று காசி பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அடித்து ஓய்ந்த பிறகு ஒரு கழியால் அந்த வேட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். பிணத்தை எடுத்தார்கள். மேளம் மறுபடியும் அடித்தது. பட்டம்மாள் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து புருஷன் இடுப்பில் கட்டினாள்.

சேரிக்குத் திரும்பி வந்ததும் அவள் சட்டி பானையைக் கூடையில் அடுக்கினாள். காசி தடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தான். இன்னா செய்யப் போறே, நீ சொல்லு என்று அவள் கேட்டாள். அவன் எழுந்து கூரையில் செருகியிருந்த தோல் சீவும் கத்தியை எடுத்துக் கூடையில் வைத்தான். அது ஷாப்புக் கத்தி, திருப்பிக் கொடுக்க வேண்டியது.

சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகியதும் தலையாரி வந்து கூப்பிட்டான். படி வாங்க வரச் சொல்கிறார்கள், பின்சந்தில் வந்து நிற்கட்டும். அடித்த கை உலரவில்லை, படிக்குக் கூப்பிடுகிறான். காசி கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான், பட்டம்மாள் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். வரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. தலையாரி புரியாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து, பிறகு ஓட்டமாகப் பெரிய வீட்டுக்கு ஓடினான்.

பாலாற்று மணலில் பாதி தூரம் போனபோது பின்னால் சத்தம் கேட்டது. கோவிந்தசாமியே வந்துகொண்டிருந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி, செருப்பில்லாத கால். கையில் படி நிறைய அரிசி. கருமாதி முடியாத மகன் வாசல் தாண்டக் கூடாது, ஆனால் சாவு வீட்டில் தங்கிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. அவன் பெண்டாட்டி நிறைமாசம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மணல் சுட்டதில் அவன் ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டே வந்தான். பின்னால் தலையாரியும் மேளக்காரர்களும் வந்தார்கள்.

"டேய் காசி, நில்றா. வாங்கிக்கினு போ."

காசி நின்றான். திரும்பினான். பழக்கதோஷம், கை தானாகத் தோளில் துண்டைத் தேடிற்று. துண்டு இல்லை. அடிபட்டபோது எங்கேயோ விழுந்திருந்தது.

"நல்ல அரிசிடா. பூச்சி இல்ல, பொடி இல்ல, பாரு. மனையும் ஒனக்குத்தான். ஒரு வேட்டியும் தரச் சொல்றேன்."

வேட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பட்டம்மாள் காறித் துப்பினாள். காசி கோவிந்தசாமியை நேராகப் பார்த்தான். அதுவரை அவன் அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை. சேதி சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான்.

"இனிமே ஊருக்கு வேற ஆளு பாத்துக்கோ."

ஆண்டே என்ற சொல் அதில் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கோவிந்தசாமி கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு ஓடிவந்து படியை அப்படியே அவன் முதுகில் வீசிக் கொட்டினான்.

"போட்டுட்டேன்," என்று மூச்சு வாங்கினான். "எல்லாரும் பாத்துக்கோங்க. போட்டாச்சு. எடுத்துக்கினுதான் போறான்."

வியர்வையிலும் விளாறு கிழித்த ரத்தத்திலும் அரிசி அப்பிக்கொண்டது. முதுகெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. காசி கழுத்தைச் சிலிர்த்தான், உதிரவில்லை.

"நில்லுய்யா," என்றாள் பட்டம்மாள்.

தலைமூட்டையை மணலில் இறக்கிவைத்தாள். முந்தானையை உதறி அவன் முதுகைத் தட்டினாள். உதிராததை விரலால் எடுத்தாள். காயத்தில் புதைந்திருந்ததை நகத்தால் கிள்ளினாள். காசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தலைமுடியில் கிடந்ததைத் தடவித் தடவி எடுத்தாள், சாக்கு மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள், காதுமடலுக்குப் பின்னால் பார்த்தாள். எடுத்த ஒவ்வொன்றையும் கோவிந்தசாமி பார்க்கும்படி அவன் காலடியில் போட்டாள். அவன் வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பின்வாங்கினான். பொறுக்குங்கடா என்று மேளக்காரர்களைப் பார்த்துச் சொன்னான். அவர்கள் அரிசியைப் பார்த்தார்கள், காசியின் முதுகைப் பார்த்தார்கள். ஒருத்தனும் குனியவில்லை.

பட்டம்மாள் கடைசியாகத் தன் முந்தானையையும் உதறினாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நட. கொட்டாய்க்கு எடம் பாக்கணும்."